தாளடி நிறத்தில் ஒரு துப்பாக்கி

என் கையால் செய்த வேலைகளில் முழு வெற்றி பெற்றது ஒன்றே ஒன்று. அத்தையின் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு, ராணுவத்தில் செய்வதுபோல, சுற்றுப்புறத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்படி பெயிண்ட் அடித்தேன். அது கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மற்றபடி நான் சுவரில் மாட்டிய அலமாரி புத்தகங்களோடு கீழே வந்திருக்கிறது. நான் சரிசெய்த குழாயை நிறுத்தத் தெருக்கோடியிலிருந்து பிளம்பர் ஓடிவந்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைவேலை வெற்றி இப்படி அமைந்திருக்க வேண்டாம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாயவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு. மாமா போனபின் வீடும், கொஞ்சம் நிலமும், அந்தத் துப்பாக்கியும் அவருக்கு வந்தன. பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாமா வாங்கியிருந்த லைசென்ஸை அத்தை விடாப்பிடியாக அலைந்து தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூப்பிடுவான். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்.

"தனியா இருக்காதம்மா. இங்க வந்துடு."

"எனக்கென்னடா பயம்? துப்பாக்கி இருக்குல்ல."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா?"

"துப்பாக்கி இருக்குல்ல."

வழுக்கி விழுந்தவருக்குத் துப்பாக்கி எப்படி உதவும் என்று ஒருமுறை கேட்டேன். "மேல பாத்து ஒரு வெடி வெடிச்சா ஊரே ஓடி வராதா? உன் செல்போன்ல அந்தச் சத்தம் வருமா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மகன் அதைப் பிடித்துக்கொண்டான். "சரிம்மா, ஒரு ஒப்பந்தம். லைசென்ஸ் கெடைச்சா நீ அங்கயே இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். கெடைக்கலேன்னா வீட்டப் பூட்டிட்டு வந்துடணும்." அத்தை யோசிக்கக்கூட இல்லை. "சரிடா" என்றார். போலீசிலிருந்து விசாரணைக்கு வருவார்கள், வயதைப் பார்ப்பார்கள், துப்பாக்கியைப் பொறுப்பாக வைத்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள், மேலே எழுதி அனுப்புவார்கள். பொறுப்பு விஷயத்தில் தன்னை யார் குறை சொல்ல முடியும் என்று அத்தை நினைத்தார். நான் வந்து சேர்ந்திருந்ததை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனாவுக்காக ஆபீசை மூடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலம் அது. எங்கள் சென்னை வீட்டில் மனைவி ஓர் அறையில் ஆன்லைன் வகுப்பு எடுத்தாள், மகள் இன்னோர் அறையில் ஆன்லைன் வகுப்பு கேட்டாள். மிச்சமிருந்தது பால்கனியும் நானும். "உங்க அத்த வீட்டுக்குத்தான் போய் இருங்களேன்" என்று மனைவி அன்பாகச் சொன்னாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தையின் துப்பாக்கி என்ன வேலை செய்கிறது என்பதை வந்த முதல் வாரமே பார்த்தேன். அதற்குத் தோட்டா போட்டு யாரும் பார்த்ததில்லை. தோட்டாக்கள் பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தன. கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு முடிகிறவரை, சாயந்திரம் நாலு மணிக்கு அத்தை கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, வரப்பில் குடியரசு தின அணிவகுப்புபோல் நடப்பார். அவ்வளவுதான். கதிரை உருவிக்கொண்டிருக்கும் மயில்கள் எழுந்து அடுத்தவர் வயலுக்குப் போகும். மயிலைச் சுட்டால் ஜெயில் என்பது மயிலுக்குத் தெரியாது. எங்கள் மடையைக் கொஞ்சம் அடைத்துத் தன் பக்கம் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது நினைவுக்கு வரும். துப்பாக்கியின் பலம் முழுவதும் அது கண்ணில் படுவதில்தான் இருந்தது. இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் நிறையப் படித்தவன்.

"கட்டையெல்லாம் வெளுத்துப் போச்சு, கொழல்ல துரு ஏறுது. விசாரணைக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் வார்னிஷ் அடிச்சுக் குடுடா" என்றார் அத்தை. அவர் கேட்டது வார்னிஷ். எப்படி அடிப்பது என்று நான் யூடியூபில் தேடியதுதான் வினை. ஏதோ ஓர் அமெரிக்கக் காட்டில் தாடிக்காரர் ஒருவர் தன் வேட்டைத் துப்பாக்கிக்கு இலை, புல், நிழல் எல்லாம் வரும்படி வீட்டிலேயே பெயிண்ட் அடித்தார். கடைசியில் அதைப் புதரில் வைத்துவிட்டு, "எங்கே சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சிரித்தார். நான் பதினோரு மணி மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு அதை மறுபடியும் பார்த்தேன்.

அமெரிக்கக் காட்டு நிறம் நமக்கு ஒத்துவராது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. நம் வயலுக்கு நம் நிறம். அப்போது, குறுவைக்கு அடுத்து நடுகிற தாளடி நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது. கைக்கு அடங்குகிற அளவு கதிரையும் தாளையும் அறுத்துக்கொண்டு மாயவரத்தில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"எந்தக் கதவுக்கு சார்?"

துப்பாக்கிக்கு என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. "இந்தக் கலர் வேணும்" என்று கதிரைக் கல்லாமேல் வைத்தேன்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் போகட்டும் சார். நல்லா மஞ்சளா வந்துரும். அப்ப கலக்கிக்கலாம்."

எனக்கு வேண்டியது பாதிப் பழுத்த நிறம் என்று விளக்கிச் சொல்லி, மஞ்சள், பச்சை, காவி, கறுப்பு என்று சின்ன டப்பாக்களாக வாங்கி வந்தேன். எல்லாம் பளபளவென்று மினுங்குகிற எனாமல். பளபளப்பு இருந்தால் வெயில் பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தாடிக்காரர் எச்சரித்திருந்தார். அத்தையின் பள்ளிக்கூடக் காலத்துச் சாக்பீஸ் பெட்டி ஒன்று பரணில் இருந்தது. இடித்துச் சலித்துக் கலந்தேன். மினுக்கு செத்துப்போயிற்று. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நோபல் பரிசுக்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றினேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைத்தேன். குழல் வாயில் பஞ்சடைத்தேன். முதலில் முழுக்க வைக்கோல் நிறத்தில் ஒரு பூச்சு. காய்ந்ததும், வாய்க்கால் ஓரத்துக் கோரையையும் நெல் தாளையும் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் படியவைத்து நூலால் கட்டி, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை இரண்டாகக் கிழித்து அதில் பச்சையைத் தொட்டுத் தொட்டு ஒத்தினேன். அப்புறம் தாளை மெதுவாக உரித்தால், அடியில் ஒவ்வொரு தாளும் வெளிர் மஞ்சளாக, நரம்பு சகிதம் நிற்கும். மறுபடி வேறு கோணத்தில் கோரை, காவி நிறம். கடைசியில் கறுப்பைத் தண்ணீர்போலக் கரைத்து நிழல். கொல்லைக் கொடியில் அத்தையின் உள்பாவாடைக்கும் என் பனியனுக்கும் நடுவே குழல் தொங்கிக் காய்ந்தது.

இப்போது நினைத்தால் அந்த வாரம் முழுக்க நினைவில் வெயிலாகவே இருக்கிறது. கைகளில் தின்னர் வாசனை. மூன்று மணிக்கு அத்தை ஆற்றிக்கொண்டு வரும் காபி. கிணற்றடியில் உட்கார்ந்து, எப்போதோ மாநிலப் போட்டியில் தன் பள்ளிக் கோகோ அணி ஒரே புள்ளியில் தோற்றதை நேற்று நடந்ததுபோலச் சொல்லி நடுவரைத் திட்டுவார். "நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்பார், நான் வேலையைப் பார்த்தால் "கேக்குறியா இல்லியா?" என்பார். என் அப்பா சின்ன வயதில் கால்சட்டை கிழிந்து மரத்தில் தொங்கிய கதையை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். அப்பா இருந்த காலத்தில் அது ரகசியமாக இருந்திருக்கிறது. அத்தை இப்போது இல்லை. பெயிண்ட் கடையைத் தாண்டிப் போகும்போது யாராவது டப்பாவைத் திறந்தால், என்னை அறியாமல் காபி கேட்கத் தோன்றுகிறது.

பூட்டி முடித்த துப்பாக்கியை அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னடா இது, சாரப்பாம்பு மாதிரி இருக்கு?"

"வயல்ல வச்சா வயலாவே இருக்கும் அத்தை. மயில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியலேன்னா அது எப்படிடா பயப்படும்?"

நான் கட்டையை விரலால் தொட்டுப் பார்த்தேன். "இன்னும் முழுசாக் காயல அத்தை" என்றேன்.

அத்தைக்கு என்மேல் பிரியம் உண்டு. அண்ணன் மகன் மெனக்கெட்டிருக்கிறானே என்று மறுநாளிலிருந்து அதையே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மயில்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவற்றின் கண்ணுக்கு ஒரு வயதான அம்மா கையை மடக்கிக்கொண்டு போவது மட்டுமே தெரிந்திருக்கும். பக்கத்து வயல்காரர், "என்ன டீச்சரம்மா, தோள்பட்ட வலியா?" என்று விசாரித்துவிட்டு, நிதானமாக மடையை அடைத்தார். ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை இரண்டாம் தடவை ரசம் ஊற்றாததிலிருந்து நானே புரிந்துகொண்டேன்.

தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அத்தை இஸ்திரி போட்ட புடவையில், துப்பாக்கியைத் துண்டில் சுற்றி, காரில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இந்த முறை அறுப்பு முடிந்த மறுநாள் காலை போகலாம் என்று வைத்திருந்தோம். அறுப்பு நாள் வந்தது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அறுப்பு மிஷின் பக்கத்து வயலில் உறுமிக்கொண்டிருந்தது. அடுத்தது எங்கள் வயல். அத்தை வரப்பில் துப்பாக்கியைக் கிடத்திவிட்டு, மிஷின் இறங்குவதற்கு எந்தப் பக்கம் வரப்பை வெட்டுவது என்று காட்டப் போனார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். திரும்பி வந்து பார்த்தால் துப்பாக்கி இல்லை.

"இங்கதானடா வச்சேன்?"

"இல்ல அத்தை, அந்த வளைவுல."

அந்த வளைவிலும் இல்லை. வரப்பு முழுக்கக் கோரை. கோரைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்த தாளடி. துப்பாக்கிக்கு நான் அடித்திருந்ததும் கோரையும் சாய்ந்த தாளடியும்தான். ஒரு தாளைப் பார்த்தால் துப்பாக்கிபோல இருந்தது. பாய்ந்து எடுத்தால் தாள். நான் நாலு காலில் ஊர ஆரம்பித்தேன். வரப்பிலிருந்து வயலுக்குள் சரிந்திருந்தால் மிஷின் அதை வாயில் வாங்கிக்கொண்டுவிடும் என்ற நினைப்பு வந்ததும் இன்னும் வேகமாக ஊர்ந்தேன். அத்தை முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "தொலைஞ்சுதுன்னா பெங்களூருதாண்டா" என்றார் மெதுவாக.

டிரைவர் மிஷினிலிருந்து கத்தினார். "அம்மா, எறக்கட்டுமா?"

"இருப்பா, பனி காயட்டும்!"

"மூணு மணிக்கு என்னம்மா பனி?"

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு புல்லட் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர். முப்பது வயதுகூட இருக்காத பெண். லைசென்ஸ் விசாரணைக்கு வந்திருக்கிறார். வீட்டில் ஆள் இல்லாததால் வயலுக்கே வந்துவிட்டார். அத்தை நிமிர்ந்தார். ஒரு நொடியில் பி.டி. டீச்சர் ஆனார்.

"வாங்க வாங்க. எந்த ஸ்கூல்ல படிச்சீங்க? கபடி ஆடுனீங்களா? தோள் அப்படி இருக்கே."

"கபடிதாங்கம்மா, டிஸ்ட்ரிக்ட் வரைக்கும்." அவர் சிரித்தார். பிறகு என்னைக் காட்டி, "அவரு என்னம்மா தேடறாரு?" என்றார்.

"என் அண்ணன் மவன். மூக்குக் கண்ணாடியத் தொலைச்சுட்டான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அது பிழை.

"கண்ணாடி போட்டிருக்காரேம்மா?"

"அது தூரத்துக்கு. தொலைஞ்சது கிட்டப் பாக்குறதுக்கு" என்றார் அத்தை, இமைக்காமல்.

"அடப்பாவமே. மிஷின் எறங்குறதுக்குள்ள தேடணுமே" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் பூட்சோடு வரப்பில் இறங்கிவிட்டார். வேண்டாம் என்று அத்தை தடுத்துப் பார்த்தார். "இருக்கட்டும்மா, எங்க அப்பாவும் இப்படித்தான்" என்றார். நான் பார்க்காத பக்கத்தில் அவர் குனிந்து தேட, அவர் தேடாத பக்கத்தில் நான் ஊர்ந்தேன். அத்தை குடையோடு நின்று வானத்தைப் பார்த்தார். டிரைவர் மிஷினை நிறுத்திவிட்டு, மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

திடீரென்று எனக்குப் பின்னால் பூட்ஸ் எதிலோ மோதும் சத்தம்.

"அம்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கண்ணாடி கெடைக்கலம்மா. துப்பாக்கி ஒண்ணு கெடைச்சிருக்கு."

அடுத்த அரை மணி நேரத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. விசாரணைக் காகிதத்தில் எழுதியிருந்த நம்பர் துப்பாக்கியில் இருக்கிறதா என்று பார்த்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அழகான நெல் தாள் ஒன்று இருந்தது. "நம்பர மறைச்சா என்ன கேஸ் தெரியுமா சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார். வீட்டிலிருந்து லைசென்ஸையும் தின்னரையும் பழைய துணியையும் எடுத்துவரச் செய்து, என்னை மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்த்திவைத்துத் துடைக்கச் சொன்னார். தாள் போயிற்று, கோரை போயிற்று, அத்தையின் சாக்பீஸ் வெள்ளையாக வழிந்தது. அடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நம்பர் வந்தது. அத்தை லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவு பார்க்கிற பெண்போல ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைசி எண் சரியாக வந்ததும் என் தோளைப் பிடித்தார். அது அன்பா, விழாமல் இருக்கப் பிடித்ததா என்று தெரியவில்லை.

"எழுதறத எழுதிக்கங்க. கண்ணாடின்னு பொய் சொன்னது நாந்தான். அவன் ஒரு வார்த்த பேசல" என்றார் அத்தை சப்-இன்ஸ்பெக்டரிடம். அவர் துப்பாக்கிக்கு ரசீது எழுதிக்கொடுத்து, அதைக் கையோடு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார். மிஷின் எங்கள் வயலில் இறங்கியது.

அதற்கப்புறம் தேர்தல் முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமை போனில் அத்தை 'துப்பாக்கி இருக்குல்ல' சொல்லவில்லை. மகன் கூப்பிட்டால் மழை, காய்கறி என்று பேசினார். ஒருநாள் பரணிலிருந்து பெரிய சூட்கேசை இறக்கித் தரச் சொன்னார், தூசி தட்ட. தட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். நான் என் கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

வோட்டு எண்ணி முடிந்து சில நாளில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நான்தான் காரை ஓட்டினேன். அத்தை இஸ்திரிப் புடவையில் வந்தார். மீதிப் பெயிண்டையும் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். கட்டையில் செதுக்கியிருந்த சித்திரவேலை இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் பச்சை. அத்தை அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

"மொதல்ல ரிப்போர்ட்டுல என்ன எழுதுனீங்கன்னு சொல்லுங்க."

"நல்லபடியாத்தாம்மா எழுதியிருக்கேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "தனியா இருக்காங்க, தைரியமா இருக்காங்க, அவங்க கையில துப்பாக்கி பத்திரமா இருக்கும்னு. லைசென்ஸ் வந்துரும், கவலப்படாதீங்க."

அத்தை துப்பாக்கியை வாங்கினார். தோளில் சாய்த்தார். ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல் சரேலென்று திரும்பி வாசலை நோக்கி நடந்தார். நானும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "தனியா இருக்காங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க எப்ப சார் சென்னைக்குக் கெளம்புறீங்க?"